எளியாரை எள்ளலாமா?

பாம்பு சிறிதானாலும் பெரிய தடி கொண்டு அடிக்க வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. பாம்பைக் கண்டு அஞ்சி ஓடுகிறவர்களுக்கு இந்தப் பழமொழி தேவையில்லை. ‘இது சின்னக் குட்டிதானே’ என்று காலால் ஒதுக்கப் போகிறவர்களுக்காகவே அதைச் சொல்லி வைத்தார்கள். இந்தப் பழமொழி கால்பந்து மைதானத்துக்கும் பொருந்துமா என்பதே இக்கட்டுரையில் நாங்கள் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். தோற்றுத் தோற்றுத் தட்டுத் தடுமாறிக்கொண்டிருக்கும் ஓர் அணி, போட்டித் தொடரின் கடைசிக் கட்டத்தில், தன்னைவிட மெலிந்த ஓர் அணியைச் சந்திக்கிறது. அப்போது அது எதிரியை அலட்சியம் செய்யுமா?

கால்பந்தைப் பற்றிக் கன்னியர் மடத்துப் பள்ளி மலரில் பெண்பிள்ளைகள் எழுதலாமா என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். அவர்களுக்கு எங்கள் பணிவான விடை இது. 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் கட்டாக் நகரில் மணிப்பூரை 2–1 என்று வென்று தேசியச் சாம்பியன் பட்டம் பெற்றது தமிழ்நாட்டுப் பெண்கள் அணி. 2023 ஜூனில் அமிர்தசரஸில் அரியானாவை அதே 2–1 கணக்கில் வென்று மறுபடியும் பட்டம் பெற்றதும் தமிழ்நாட்டுப் பெண்கள் அணிதான். அக்காமார் விளையாடிக் காட்டியதைத் தங்கைமார் எழுதியாவது பார்க்கிறோம்.

மேலும், குமரி மாவட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கால்பந்து அந்நியமானதன்று. நீரோடி முதல் தூத்தூர் வரை, குளச்சல் முதல் மணக்குடி வரை, கடப்புறத்துச் சிறுவர்கள் நடை பழகும்போதே மணலில் பந்தை உதைக்கப் பழகுகிறார்கள். தூத்தூரை அடுத்த இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணியில் ஆடிப் பெயர் பெற்று, பின்னர் ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் சென்று, இந்திய அணியின் சட்டையையும் அணிந்தார். அவர் இடம்பெற்றிருந்த கொல்கத்தா அணி 2019–20 பருவத்தின் இறுதி ஆட்டத்தில் சென்னையை 3–1 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அன்று எங்கள் கடற்கரை ஊர்களில் மகிழ்வதா வருந்துவதா என்று தெரியாமல் திகைத்தவர்கள் பலர்.

இனிப் பொருளுக்கு வருவோம். எங்கள் வகுப்பின் இலக்கிய மன்றத்தில் இக்கேள்வியே பட்டிமன்றத் தலைப்பானது. ‘தடுமாறும் அணி எளிய எதிரியை அலட்சியம் செய்யாது’ என்று ஒரு கட்சி; ‘செய்யும்’ என்று எதிர்க்கட்சி. இரு கட்சியாரும் எடுத்துக்கொண்ட சான்று ஒன்றே. அது 2024 மார்ச் மாதத் தொடக்கத்தில் சென்னை நேரு விளையாட்டரங்கில் சென்னையின் எஃப்.சி. அணிக்கும் ஐதராபாத் எஃப்.சி. அணிக்கும் நடந்த இந்தியன் சூப்பர் லீக் ஆட்டம்.

கால்பந்து அறியாத அன்னையருக்காகச் சில விளக்கங்கள். 2023–24 பருவத்தில் அத்தொடரில் 12 அணிகள் மோதின. ஒவ்வோர் அணிக்கும் 22 ஆட்டங்கள். வென்றால் மூன்று புள்ளிகள், சமன் செய்தால் ஒன்று, தோற்றால் ஒன்றுமில்லை. முதல் ஆறு இடங்களைப் பெறும் அணிகள் மட்டுமே அடுத்த சுற்றுக்குப் போகலாம். மற்ற ஆறும் மூட்டை கட்ட வேண்டியதுதான். கடைசி இடம் பெறும் அணியைக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளும் வழக்கம் அப்போது அத்தொடரில் இல்லை.

சென்னை அணி 2015இலும் 2017–18இலும் கோப்பையை வென்ற பெருமை உடையது. ஆனால் 2023–24இல் அதன் நிலை சொல்லும்படியாக இல்லை. ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் காயில் பயிற்சியாளராக இருந்தும், ஒரு வெற்றி வந்தால் பின்னாலேயே தோல்விகள் வந்தன. முதல் ஆறில் ஓரிடம் பிடிக்க ஒவ்வொரு புள்ளியும் தேவைப்பட்டது.

ஐதராபாத்தின் நிலையோ இதைவிடப் பரிதாபம். 2022 மார்ச்சில் கோவாவில் கேரளா பிளாஸ்டர்ஸை வென்று சாம்பியனான அணி அது. இரண்டே ஆண்டில் பணமுடை அதனைச் சீரழித்துவிட்டது. சம்பளம் ஒழுங்காக வராததால் வெளிநாட்டு வீரர்கள் பெரும்பாலோரும், பேர்பெற்ற இந்திய வீரர்கள் பலரும் பருவத்தின் நடுவிலேயே விலகிச் சென்றார்கள். மீதமிருந்த இளைஞர்களை வைத்துக்கொண்டு பயிற்சியாளர் தாங்போய் சிங்டோ அணியை நடத்தினார். சென்னைக்கு வந்து இறங்கும்வரை அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்தில்கூட அவர்கள் வெல்லவில்லை.

அன்று முடிவு என்ன தெரியுமா? சென்னை 0, ஐதராபாத் 1. சொந்த மண்ணில், சொந்த மக்கள் முன்னிலையில் சென்னை தோற்றது. பருவம் முடிந்தபோது ஐதராபாத்தின் கணக்கு 22 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, ஐந்து சமன், பதினாறு தோல்வி. அந்த ஒரே வெற்றி சென்னை கொடுத்தது.

இதைக் கேட்டதும் ‘அலட்சியம்தான் காரணம்’ என்று எதிர்க்கட்சித் தோழியர் கைதட்டினார்கள். ஆனால் முதல் கட்சித் தோழியர் விடவில்லை. “வயிறு நிறைந்தவன் சோற்றை ஒதுக்குவான், பசித்தவன் ஒதுக்குவானா? மூன்று புள்ளிக்காக ஏங்கிக் கிடக்கும் அணி எப்படி அலட்சியம் செய்யும்? தோற்றதனால் மட்டும் அலட்சியமாக ஆடினார்கள் என்று சொல்லிவிட முடியுமா?” என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வீரர்களின் மனத்துக்குள் புகுந்து பார்த்தவர் எவரும் இல்லை. கால்பந்து கோல்கள் அரிதாக விழும் விளையாட்டு. கிரிக்கெட்டில் ஒரு பந்தைத் தவறவிட்டால் அடுத்த ஓவரில் ஈடு செய்துகொள்ளலாம். கால்பந்திலோ தொண்ணூறு நிமிடத்தில் விழும் ஒரே கோல் எல்லாவற்றையும் முடித்துவிடும். எளிய அணி முந்திக்கொண்டு ஒரு கோலை அடித்துவிட்டுப் பத்துப்பேரும் தங்கள் கோலுக்கு முன்னே அரண் போல நின்றுவிட்டால், வலிய அணி பந்தை எவ்வளவு நேரம் வைத்திருந்தும் பயனில்லாமல் போகும். ஆகவே தோல்விக்கு அலட்சியம் ஒன்றே காரணம் என்பது அவசரத் தீர்ப்பு.

ஆனாலும் எதிர்க்கட்சியார் சொன்ன ஒரு கருத்து எங்களைச் சிந்திக்க வைத்தது. அலட்சியம் என்றால் ஆணவம் மட்டும்தானா என்று அவர்கள் கேட்டார்கள். வெற்றி வீரனின் அலட்சியம் வேறு; களைத்துப் போனவனின் அலட்சியம் வேறு. வெற்றி வீரன், ‘இவன் எனக்கு ஈடா?’ என்று நினைக்கிறான். களைத்தவனோ, ‘அப்பாடா, இன்றைக்காவது மூச்சு விடலாம்’ என்று நினைக்கிறான். முன்னது செருக்கு, பின்னது ஆறுதல். ஆறுதல் பாவமன்று. ஆயினும் இரண்டுமே கண்ணை மூடச் செய்கின்றன. தடுமாறும் அணி ஆட்ட அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, ‘அவர்களிடம் தோற்போம், இவர்களிடம் சமன் செய்வோம், இவர்களிடம் மட்டும் மூன்று புள்ளி உறுதி’ என்று முன்கூட்டியே கணக்கெழுதிவிடுகிறது. ஆட்டம் தொடங்கும் முன்பே அந்த மூன்று புள்ளியும் மனக்கணக்கில் செலவாகிவிடுகிறது. பசித்தவன் சோற்றை ஒதுக்கமாட்டான் என்பது சரிதான். ஆனால் பசித்தவன்தான் உலை கொதிக்கும் முன்பே இலை போடுவான்.

இதற்கு உலக அரங்கிலும் சான்று உண்டு. 2014இல் உலகக் கோப்பையை வென்ற ஜெர்மனி, 2018இல் ரஷ்யாவுக்குத் தடுமாறிக்கொண்டே வந்தது. முதல் ஆட்டத்தில் மெக்சிகோவிடம் 0–1 என்று தோற்றது. இரண்டாம் ஆட்டத்தில் சுவீடனை, ஆட்டம் முடியப்போகும் கடைசி நொடிகளில் அடித்த கோலால் 2–1 என்று வென்றது. மூன்றாவது ஆட்டம் தென்கொரியாவுடன். கொரியா முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றிருந்த அணி. 2018 ஜூன் 27 அன்று கசான் நகரில் நடந்த அந்த ஆட்டத்தில் தொண்ணூறு நிமிடம் வரை கோல் இல்லை. அதன்பின் கூடுதலாகத் தரப்பட்ட நேரத்தில் கொரியா இரண்டு கோல்களை அடித்தது. உலகச் சாம்பியன் தன் பிரிவில் கடைசி இடம் பெற்று ஊர் திரும்பியது. அந்த வெற்றியால் கொரியாவும் அடுத்த சுற்றுக்குப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயினும் அந்த ஆட்டத்தில் அவர்கள் முழு மூச்சுடன் ஓடினார்கள்.

எச்சரிக்கையாக இருந்து பிழைத்த அணியும் உண்டு. அது நம் தமிழ்நாட்டு அணிதான். 2018–19 ஐ-லீக் தொடரின் கடைசி நாளான 2019 மார்ச் 9 அன்று சென்னை சிட்டி அணி கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாப் அணியைச் சந்தித்தது. சென்னை சிட்டிக்குப் பின்னால் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்கால் காத்திருந்தது. மினர்வாவோ முந்தைய ஆண்டின் சாம்பியனாக இருந்து அவ்வாண்டு அடிமட்டத்துக்கு இறங்கிவிட்ட அணி. ஆனால் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது! சென்னை சிட்டி கலங்கவில்லை. இரண்டாம் பாதியில் மூன்று கோல்களைத் திருப்பிக் கொடுத்து, 3–1 என்று வென்று, 43 புள்ளிகளுடன் கோப்பையைத் தூக்கியது. அதே நாளில் ஈஸ்ட் பெங்காலும் வென்று 42 புள்ளிகளுடன் நின்றது. கோயம்புத்தூரில் கொஞ்சம் அசந்திருந்தாலும் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக முடிந்திருக்கும்.

இதுவரை வலியவர்களின் பக்கம் நின்றே பேசிவிட்டோம். எளியவர் பக்கமும் சற்றுப் போய்ப் பார்க்க வேண்டாமா? சென்னைக்கு வந்த ஐதராபாத் இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். அண்ணன்மார் எல்லாரும் போய்விட்டார்கள். வாரந்தோறும் தோல்வி. எந்த ஊருக்குப் போனாலும், ‘இவர்களிடம் மூன்று புள்ளி உறுதி’ என்று ஊரார் பேசுவது காதில் விழுகிறது. அவர்களுக்கு அந்த ஆட்டம் புள்ளிக்கான ஆட்டம் அன்று. ‘நாங்களும் ஆட வந்தவர்கள்தான்’ என்று காட்டுவதற்கான ஆட்டம். ஒருவரை அலட்சியம் செய்கிறோம் என்றால், நாம் ஏறிப் போகும் படிக்கட்டாக மட்டும் அவரைப் பார்க்கிறோம் என்றுதான் பொருள். படிக்கட்டுக்கும் உயிர் உண்டு, அதற்கும் ஓர் அம்மா வீட்டில் செபமாலையோடு காத்திருக்கிறாள் என்பது அப்போது மறந்துவிடுகிறது. இந்தக் கருத்தைச் சொன்ன தோழி கடற்கரை ஊர்க்காரி. அவள் சொல்லி முடித்ததும் இரு கட்சியாருமே சற்று நேரம் பேசவில்லை.

திருவிவிலியத்திலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. எரிகோவின் மதிலை வீழ்த்திய யோசுவாவின் படை அடுத்து ஆயி என்ற சிற்றூருக்குப் போனது. வேவு பார்த்து வந்தவர்கள், ‘அங்கே இருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான், எல்லாரையும் அலைக்கழிக்க வேண்டாம், இரண்டு மூவாயிரம் பேர் போதும்’ என்றார்கள். ஏறத்தாழ 3000 பேர் போய், முப்பத்தாறு பேரை இழந்து, ஓடி வந்தார்கள். அத்தோல்விக்கு ஆக்கான் செய்த பாவமே காரணம் என்று மறைநூல் கூறுகிறது. எனினும், இரண்டாம் முறை ஆண்டவர் யோசுவாவிடம் போர்வீரர் அனைவரையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார் என்பதையும் அதே நூல் கூறுகிறது. சிறிய ஊருக்கும் முழுப் படை! வள்ளுவரும் பொருட்பாலில் ‘பொச்சாவாமை’ என்று ஓர் அதிகாரமே பாடி, மகிழ்ச்சியில் மயங்கிக் கடமையை மறப்பதன் தீமையை எடுத்துரைத்திருக்கிறார்.

எங்கள் தோழியரில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். ஆழ்கடலில் பெரிய காற்றையும் அலையையும் கடந்து வந்த வள்ளம், கரை கண்ணுக்குத் தெரிந்த பிறகு கவிழ்வது உண்டு என்று அவர்கள் சொல்வார்கள். தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, அங்கே எழும் அலையில் படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போனதை இம்மாவட்டத்தில் அறியாதார் இல்லை. ஆதலால் அனுபவப்பட்ட மீனவர் கரையைக் கண்டதும் கையை எடுப்பதில்லை. வீட்டுக்கூரை தெரியும்போதுதான் இன்னும் இறுக்கிப் பிடிப்பார். பருவத்தின் கடைசி ஆட்டங்களும் முகத்துவாரம் போன்றவைதாம்.

தோற்ற சென்னை அணி பிறகு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லாவிட்டால் கதை பாதிதான். அதே மார்ச் மாதம் 31ஆம் நாள், கொல்கத்தாவில், பல்லாயிரம் பேர் ஆர்ப்பரிக்கும் சால்ட் லேக் அரங்கில் சென்னை மோகன் பகானைச் சந்தித்தது. அந்தப் பருவத்தில் லீக் பட்டத்தை வெல்லவிருந்த அணி அது. கடைசி இடத்து அணியிடம் தோற்ற சென்னை, முதலிடம் பெறவிருந்த அணியை அதன் சொந்த மண்ணில் 3–2 என்று வென்றது! வெற்றி கோல் கூடுதல் நேரத்தில் விழுந்தது. ஏப்ரலில் ஜாம்ஷெட்பூரையும் வடகிழக்கு யுனைடெட்டையும் வென்று, 27 புள்ளிகளுடன் ஆறாம் இடத்தைப் பிடித்தது. ஏழாம் இடம் பெற்ற வடகிழக்கு யுனைடெட்டுக்கு 26. ஒரு புள்ளியில் வாசல் திறந்தது. அடுத்த சுற்றில் கோவாவிடம் 1–2 என்று தோற்றாலும், அங்கே நிற்கும் தகுதியை உழைத்துப் பெற்றார்கள்.

இவற்றையெல்லாம் கேட்டபின் நடுவராக இருந்த எங்கள் தமிழ் டீச்சர் தீர்ப்பு வழங்கினார்கள். “தடுமாறும் அணி எளிய எதிரியை அலட்சியம் செய்யவே செய்யும் என்று சொல்வதற்கில்லை. ஆனால், ‘எங்களுக்கு அந்த ஆபத்து வராது, நாங்கள்தாம் கஷ்டத்தில் இருக்கிறோமே’ என்று எந்த அணி நினைக்கிறதோ, அந்த அணிக்கு ஆபத்து பக்கத்திலேயே இருக்கிறது” என்றார்கள். இரு கட்சியாரும் ஒப்புக்கொண்டு கைதட்டினோம்.

இத்தீர்ப்பை நாங்கள் கால்பந்தோடு நிறுத்திக்கொள்ள விரும்பவில்லை. எங்களுக்கும் ஒரு பருவம் முடியப்போகிறது. பத்தாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வு வாசலில் நிற்கிறது. ஐந்து பாடங்கள், ஒவ்வொன்றிலும் 35 மதிப்பெண் பெற்றாக வேண்டும். கணக்கும் ஆங்கிலமும் எல்லாரையும் பயமுறுத்துகின்றன. ஆகையால் எல்லாரும் அவற்றைப் படிக்கிறார்கள். ‘தமிழ் நம் தாய்மொழிதானே’, ‘சமூக அறிவியலைக் கடைசி இரவில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சு எல்லாப் பள்ளிகளிலும் கேட்கும் பேச்சு. நன்றாகப் படிக்கிறவர்களைவிட, அரைகுறையாகத் தத்தளிக்கிறவர்களுக்குத்தான் அந்தப் பேச்சு இனிக்கிறது. ஏனென்றால், அவர்களுக்கு எங்காவது ஓரிடத்தில் மூச்சு விட வேண்டும். ஐதராபாத் ஆட்டம் அங்கேதான் காத்திருக்கிறது.

எங்களில் சிலருக்கு ஒரு பாடம் போனால் மறுதேர்வு எழுதிக்கொள்ளலாம். வீட்டில் திட்டோடு முடியும். சிலருக்கு அப்படியல்ல. ஒரு பாடம் போனால் பள்ளிக்கூடமே போயிற்று. அம்மா போகும் அண்டி ஆபீசுக்கு முந்திரிப் பருப்பு உடைக்கப் போக வேண்டியதுதான். அல்லது மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அண்டி ஆபீசில் கை கறுக்க உழைத்து எங்களைப் படிக்க வைக்கும் அன்னையரை நாங்கள் இழிவாகச் சொல்லவில்லை. தங்கள் பெண் அங்கே வரக்கூடாது என்பதே அவர்களுடைய செபம் என்பதால் சொல்கிறோம்.

ஆகவே எங்கள் வகுப்பில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மாலையில் மணி அடித்தபின் அரைமணி நேரம், ‘எளிது’ என்று பெயர் வாங்கிய பாடங்களை மட்டும் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து படிக்கிறோம். ஒவ்வொரு குழுவிலும் முதல் வரிசைக்காரி ஒருத்தி, பின்வரிசைக்காரி ஒருத்தி. சொல்லிக் கொடுக்கிறவள் யார், கேட்கிறவள் யார் என்பது பாடத்துக்குப் பாடம் மாறுகிறது. கணக்கில் பின்தங்கியவள் புவியியல் வரைபடத்தில் எல்லாரையும் முந்துகிறாள். பின்வரிசையில் இருப்பவளை எளியவள் என்று எண்ணுவதும் ஒருவகை அலட்சியமே என்பதை அங்கே கற்றுக்கொண்டு வருகிறோம்.

அன்புத் தோழியரே! ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே! வலிய எதிரி வந்தால் அஞ்சாதீர்கள். சென்னை மோகன் பகானை வென்றது. எளிய எதிரி வந்தால் அசந்துவிடாதீர்கள். அதே சென்னை ஐதராபாத்திடம் தோற்றது. ஒரே அணி, ஒரே மாதம், இரண்டு பாடம். எங்கள் பெற்றோரும் அருட்சகோதரிகளும் ஆசிரியைகளும் எங்களுக்காகச் செபிக்குமாறு வேண்டுகிறோம். ஒரு கேள்வியையும் ‘இது என்ன பிரமாதம்’ என்று ஒதுக்காமல், ஒவ்வொன்றுக்கும் முழு மனத்தோடு விடை எழுதிவிட்டு வர இறைவன் எங்களுக்கு அருள்புரிவாராக!

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில், ‘ஆ’ பிரிவு மாணவி ஒருத்தி